உங்களுக்குத் தெரியுமா? மானிப்பாய்ப் பிள்ளை சங்கீதம் படித்தால்…!

யாழ் என்ற இசைக்கருவியைப் பற்றித் தமிழில் வந்த மிகப் பெரிய ஆராய்ச்சி நூல் எது? 'யாழ் நூல்'. அதை எழுதியவர் யார்? மானிப்பாய் இந்துக் கல்லூரியில் அதிபராக இருந்தவர்! ஆண்டு 1920. அப்போது அவர் பெயர் பண்டிதர் மயில்வாகனனார். பிறகு நாடு முழுக்க அழைத்த பெயர் சுவாமி விபுலானந்தர்!

அவர் பட்டம் எடுத்தது சங்கீதத்தில் என்றா நினைக்கிறீர்கள்? இல்லவே இல்லை. விஞ்ஞானத்தில்! இலண்டன் பல்கலைக்கழக பி.எஸ்ஸி. பட்டதாரி!

அதற்கு முன்பே 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையிலும் தேறிவிட்டார். இலங்கையில் இருந்து அந்தப் பரீட்சையில் தேறிய முதல் ஆள் அவர்தான்!

யாழ் நூலுக்கு அவர் கொடுத்த உழைப்பு எவ்வளவு? 14 ஆண்டுகள்! சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் வரும் சில வரிகளைப் பிடித்துக்கொண்டு தொடங்கினார். சுருதிகளைக் கணக்குப் போட்டே அளந்தார். வில்யாழ், பேரியாழ், மகரயாழ், சகோடயாழ், செங்கோட்டியாழ் என்று ஒவ்வொன்றாக மீட்டெடுத்தார்.

1947 ஜூன் மாதம், திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் நூல் அரங்கேறியது. அடுத்த மாதம் 19ஆம் திகதி சுவாமிகள் கண்மூடினார். நடுவில் இரண்டு மாதம்கூட இல்லை!

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர் யார்? விபுலானந்தர், 1931. இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர் யார்? அவரேதான், 1943. இரண்டு நாடுகளில், இரண்டு பல்கலைக்கழகங்களில், இரண்டு முதலிடம்!

மானிப்பாய்க்கு அறிவு புதிதல்ல. 58,500 சொற்கள் கொண்ட தமிழ் அகராதி 1842இலேயே வந்துவிட்டது. தொகுத்தவர் சந்திரசேகர பண்டிதர். ஊரார் வைத்த பெயர் மானிப்பாய் அகராதி!

வைத்தியர் சாமுவேல் கிறீன் 1848இல் மானிப்பாய்க்கு வந்து வைத்தியம் படிப்பித்தார். யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழகம் திறந்ததோ 1974இல். 126 ஆண்டு முந்திவிட்டது எங்கள் மானிப்பாய்!

சித்திரைப் புத்தாண்டு அன்றைக்குத் தேர் இழுக்கும் கோயில் எது? மானிப்பாய் மருதடி விநாயகர் கோயில்! தமிழருக்கு வருடம் பிறக்கிறது, மருதடியில் மேளம் முழங்குகிறது.

ஆடிக்கூழும் கொழுக்கட்டையும் என்றால் உடனே நினைவுக்கு வரும் பாட்டு ஒன்று இருக்கிறதே, அதை எழுதிய சோமசுந்தரப் புலவர் எந்த ஊர்? நவாலி. மானிப்பாய்க்குப் பக்கத்து ஊர்!

*மருதனார்மடத்து மாயம்*

மானிப்பாயில் இருந்து சைக்கிளில் போய் வரும் தூரத்தில் சங்கீதத்தில் பட்டம் எடுக்கலாம். தெரியுமா? மருதனார்மடத்தில் இருக்கிறது, இராமநாதன் அக்கடமி என்று தொடங்கிய நுண்கலைக் கல்விக்கூடம். இன்று அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் அங்கம்!

அது தொடங்கிய ஆண்டு 1960. அப்போது யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழகமே கிடையாது. முதலில் வந்தது சங்கீதம். பல்கலைக்கழகம் வந்தது 14 ஆண்டு கழித்து!

1975இல் அது பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. பல்கலைக்கழகத்துக்கு அப்போது வயது ஒன்று. அக்கடமிக்கு வயது பதினைந்து!

அதை உருவாக்கிய சு. நடேசபிள்ளை பிறந்தது தஞ்சாவூர் மண்ணில். சேர் பொன்னம்பலம் இராமநாதனின் மருமகன். இலங்கையில் அமைச்சராகவும் இருந்தவர்!

இராமநாதன் பெண் பிள்ளைகளுக்காக 1913இல் ஒரு கல்லூரி கட்டினார். அதற்குப் பக்கத்தில் இன்று சங்கீதப் படிப்பு. 1921இல் திருநெல்வேலியில் பரமேசுவராக் கல்லூரி கட்டினார். அந்த வளவில் இன்று பல்கலைக்கழகம். ஒரே மனிதர், இரண்டு கல்லூரி, ஒன்றின் பக்கத்திலும் கம்பஸ், மற்றதன் வளவிலும் கம்பஸ்!

மகாராஜபுரம் சந்தானத்தின் பாட்டைக் கேட்காத வீடு உண்டா? அவர் யாழ்ப்பாணத்தில் இதே இராமநாதன் அக்கடமியில் அதிபராக இருந்தவர்!

அவர் மட்டுமா? லயத்தில் புலியான சித்தூர் சுப்பிரமணிய பிள்ளையும் இங்கே அதிபராக இருந்தார்!

இன்னும் கேளுங்கள். சென்னை மியூசிக் அக்கடமியின் 'சங்கீத கலாநிதி' பட்டம் இருவருக்குமே கிடைத்தது. சித்தூராருக்கு 1954இல், சந்தானத்துக்கு 1989இல். எங்கள் மருதனார்மடத்து அதிபர் கதிரையில் இருந்தவர்கள் சாமானிய ஆட்களா?

இங்கே படிக்க என்ன செலவு? கற்பித்தலுக்குக் கட்டணம் சதமும் இல்லை. இலவசக் கல்வி 1945இல் வந்தது. வாய்ப்பாட்டுக்கும் அது பொருந்தும், வயலினுக்கும் பொருந்தும்!

ஏ/எல் பரீட்சையில் சங்கீதம் ஒன்றல்ல, மூன்று! கர்நாடக சங்கீதம் ஒரு பாடம். கீழைத்தேய சங்கீதம் ஒரு பாடம். மேலைத்தேய சங்கீதம் ஒரு பாடம். விரும்பியதை எடுக்கலாம்!

பல்கலைக்கழக அனுமதிக்கு இசட் புள்ளி மட்டும் இருந்தால் உள்ளே போய்விடலாமா? முடியாது. பாடியோ வாசித்தோ காட்ட வேண்டும். செயன்முறைத் தேர்வு உண்டு!

பிள்ளை 6ஆம் தரத்துக்குப் போனதும் ஓர் அழகியல் பாடம் கட்டாயம். பட்டத்துக்குப் போகும் பாதை பதினொரு வயதிலேயே திறந்துவிடுகிறது!

*1931இன் அதிசயம்*

சங்கீதப் பரீட்சை நடத்தும் சபை ஒன்று வடக்கில் பிறந்தது. பெயர் வட இலங்கைச் சங்கீத சபை. பிறந்த ஆண்டு 1931!

இலங்கைப் பல்கலைக்கழகம் தொடங்கியது 1942இல். அதற்கு 11 ஆண்டு முன்னமே எங்கள் பக்கத்தில் சங்கீதத்துக்கு ஒரு சபை பிறந்துவிட்டது!

அந்தச் சபையின் பரீட்சைக்கு முதலாம் தரத்தில் சின்னப் பிள்ளையாக நுழையலாம். படிப்படியாக ஏறி ஆசிரியர் தரம் முடித்தால் கிடைக்கும் பட்டம் கலாவித்தகர்! பெயருக்கு முன்னால் அதைப் போட்டுக்கொள்ளும் ஆசிரியைகள் எத்தனை பேர் என்று உங்கள் ஒழுங்கையிலேயே எண்ணிப் பாருங்கள்.

மட்டக்களப்பு கல்லடியில் சங்கீத, நடனக் கல்லூரி ஒன்று 1982இல் எழுந்தது. இன்று அது கிழக்குப் பல்கலைக்கழகத்தின் அழகியற் கற்கைகள் நிறுவகம். யார் பெயரில்? சுவாமி விபுலானந்தர் பெயரில். மானிப்பாய் அதிபர் அங்கேயும் நிற்கிறார்!

கொழும்பில் கட்புல, அரங்கேற்றக் கலைகளுக்கென்றே ஒரு முழுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 2005இல் வந்தது!

*கடல் கடந்து அக்கரையில்*

யாழ்ப்பாணத்துப் பழைய சங்கீத ஆசிரியர் பலரின் பெயரோடு 'சங்கீதபூஷணம்' ஒட்டியிருக்கும். அந்தப் பட்டம் எங்கிருந்து வந்தது? சிதம்பரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இருந்து!

அங்கே இசைத்துறைக்குத் தலைமை தாங்கியவர்களில் ஒருவர் எம். எம். தண்டபாணி தேசிகர். சினிமாவில் நடித்த பேராசிரியர்!

தஞ்சாவூரில் ஒரு சித்த வைத்தியர் இருந்தார். பெயர் ஆபிரகாம் பண்டிதர். மருந்து விற்ற காசில் சங்கீத மாநாடுகள் நடத்தினார். 1917இல் 'கருணாமிர்த சாகரம்' என்று ஒரு நூல் போட்டார். பக்கங்கள் 1,300க்கும் மேல்!

பேராசிரியர் பி. சாம்பமூர்த்தியைத் தெரியாமல் யாரும் இசைப் பட்டம் முடித்ததில்லை. தென்னிந்திய இசை பற்றிய அவர் நூல் 6 பாகம். அவர் ஆராய்ச்சி செய்யப் போன ஊர் ஜெர்மனியின் மியூனிக்!

இந்தியாவில் இசைக்கும் கலைக்குமென்றே எழுந்த முதல் பல்கலைக்கழகம் எங்கே? டில்லியிலா? பம்பாயிலா? இல்லை. கைராகர் என்ற சின்ன ஊரில், 1956இல்!

தமிழ்நாட்டில் இசைக்கும் கவின்கலைக்கும் தனிப் பல்கலைக்கழகம் எப்போது வந்தது? 2013இல்தான். மருதனார்மடம் அதற்கு 53 ஆண்டு மூப்பு!

ஏ.ஆர். ரஹ்மான் 2008இல் சென்னையில் சொந்தமாக ஓர் இசைக் கல்லூரி தொடங்கினார். அடுத்த ஆண்டு இரண்டு ஒஸ்கார் வாங்கினார்!

*விரலுக்கும் கணக்குக்கும் என்ன உறவு?*

மிருதங்கத்தின் வலப்பக்கத்தில் கரணை என்று கறுப்பாக ஒன்று இருக்கிறதே, அது சாயம் என்று நினைத்தீர்களா? கல்லைப் பொடித்து, சோற்றோடு பிசைந்து, கொஞ்சம் கொஞ்சமாக அப்பி, வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்துப் படை படையாக ஏற்றுவது. ஒரு படை காய்ந்த பிறகுதான் அடுத்த படை. அவசரப்பட்டால் நாதம் போச்சு!

இடப்பக்கத்துக்கு என்ன தெரியுமா? ரவை! தண்ணீர் விட்டுப் பிசைந்து, கச்சேரி தொடங்க முதல் நடுவில் அப்புவார்கள். கச்சேரி முடிந்ததும் சுரண்டி எடுத்துவிடுவார்கள். அடுத்த கச்சேரிக்குப் புது ரவை!

சாதாரணப் பறையில் தட்டினால் எழும் துணை ஒலிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகா. மிருதங்கத்தில் ஒத்துப்போகின்றன. காரணம் அந்தக் கரணை. இதை 1920இல் 'நேச்சர்' சஞ்சிகையில் எழுதியவர் சேர் சி.வி. ராமன்!

பத்தாவது ஆண்டில் அவருக்கு நோபல் பரிசு. மிருதங்கத்துக்குக் காது கொடுத்த விஞ்ஞானி உலகத்தையே வென்றார்!

அதே 1920இல் மானிப்பாயில் அதிபர் கதிரையில் இருந்தவரும் விஞ்ஞானப் பட்டதாரி, இசை ஆராய்ச்சியாளர். என்ன பொருத்தம் பாருங்கள்!

தவில் வாசிப்பவரின் வலக்கை விரல்களைக் கிட்டப் போய்ப் பாருங்கள். ஒவ்வொரு விரலிலும் கூடு! துணியையும் பசையையும் சுற்றிச் சுற்றிக் காயவைத்துச் செய்தது. இடக்கையிலோ வெறும் கழி!

தவிலின் உடல் பலாமரம். வீணையின் உடலும் பலாமரம். மிருதங்கமும் பலாமரமே! யாழ்ப்பாணத்து வளவுகளில் நிற்கும் அதே பலா.

நாதஸ்வரத்துக்கு ஆச்சா மரம். நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது!

வீணையில் மெட்டுகள் 24. தந்திகள் 7. மெட்டுகள் உட்கார்ந்திருப்பது மெழுகின் மேல்!

வயலின் எங்கள் வாத்தியமா? வந்த வாத்தியம். அதைக் கர்நாடக சங்கீதத்துக்குள் கொண்டுவந்து நிறுத்தியவர் பாலுசுவாமி தீட்சிதர், முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி. இன்று வயலின் இல்லாத கச்சேரி எங்கே இருக்கிறது?

தாளங்கள் 7. சாதிகள் 5. பெருக்கினால் 35. அதை 5 கதிகளால் பெருக்குங்கள். 175! முதலாம் ஆண்டு மாணவிக்கு இது மனப்பாடம்.

வேங்கடமகி 72 மேளங்களை வகுத்தார். அவர் காலத்தில் உண்மையில் புழக்கத்தில் இருந்தவை எத்தனை? 19தான்! மிச்சத்தைக் கணக்கே கண்டுபிடித்தது.

*பட்டம் இல்லாத பல்கலைக்கழகங்கள்*

தவில் மேதை யாழ்ப்பாணம் வி. தெட்சணாமூர்த்தி எந்தக் கம்பஸில் படித்தார்? எதிலும் இல்லை. அப்பா விசுவலிங்கம் தவில்காரர். வீடுதான் கம்பஸ்!

தமிழ்நாட்டு நாதஸ்வர ஜாம்பவான்கள் கடல் தாண்டி அவரைக் கூப்பிட்டார்கள். 1933இல் பிறந்தவர் 1975இல் மறைந்தார். வயது 42கூட நிரம்பவில்லை!

அவரைப் பற்றி அம்ஷன் குமார் எடுத்த ஆவணப்படத்துக்கு இந்தியாவின் தேசியத் திரைப்பட விருது கிடைத்தது. எங்கள் தவிலுக்கு டில்லியில் மரியாதை!

பட்டம் கேட்காத மேடையாக 2011 மார்ச்சில் யாழ்ப்பாணத்தில் ஒரு பெரிய இசை விழா நடந்தது. இலங்கையின் நாட்டார் கலைஞர்களும் வெளிநாட்டுக் குழுக்களும் ஒரே மைதானத்தில்!

*வெள்ளைக்காரரும் பட்டம் எடுத்தார்கள்*

ஐரோப்பாவின் பழைய பல்கலைக்கழகங்களில் சங்கீதம் எந்தப் பாடத்தோடு இருந்தது தெரியுமா? எண்கணிதம், கேத்திரகணிதம், வானியல். இந்த மூன்றோடு நான்காவது சங்கீதம்!

கேம்பிரிட்ஜில் இசைப் பட்டம் 1460களிலேயே கொடுத்தார்கள். வாங்கியவர் ஹென்றி அபிங்டன். போர்த்துக்கேயர் இலங்கைக்கு வர இன்னும் 40 ஆண்டு இருந்தது!

ஒக்ஸ்பேர்டில் இசைப் பேராசிரியர் பதவி 1626இல் உருவானது. இன்னும் இருக்கிறது. 400 ஆண்டு!

1791இல் ஒக்ஸ்பேர்ட் ஹைடனுக்கு டொக்டர் பட்டம் கொடுத்தது. மணியடிப்பதற்கு ஒன்றரை கினி, அங்கிக்கு அரைக் கினி என்று அவரே குறிப்புப் புத்தகத்தில் செலவு எழுதி வைத்திருக்கிறார்!

பிராம்ஸுக்கு 1879இல் பிறெஸ்லாவ் பல்கலைக்கழகம் பட்டம் கொடுத்தது. நன்றிக்கடனாக ஓர் இசைப் படைப்பு எழுதினார். அதற்குள் என்ன வைத்தார்? மாணவர்கள் கூத்தடிக்கும்போது பாடும் பாட்டுகளை!

எலிசபெத் ஸ்டேர்லிங் என்ற பெண் 1856இல் ஒக்ஸ்பேர்ட் இசைப் பட்டத்துக்கான படைப்பை எழுதி அனுப்பினார். தேறியது. பட்டம்? கொடுக்கவில்லை. பெண் என்பதால்! ஒக்ஸ்பேர்டில் பெண்களுக்குப் பட்டம் 1920இல்தான் வந்தது.

பெண் பிள்ளைகள் படிக்க மானிப்பாய்க்குப் பக்கத்தில் உடுவில் மகளிர் கல்லூரி தொடங்கியது எப்போது? 1824இல்!

பாடகராகாமலே சங்கீதத்தில் பிழைக்கலாம். இசையால் நோயாளிகளுக்கு ஆறுதல் தரும் இசைச் சிகிச்சைக்கு மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகம் பட்டப்படிப்புத் தொடங்கியது 1944இல்!

ஒலிப்பதிவுக்காரருக்கும் பட்டம் உண்டு. ஜெர்மனியின் டெட்மோல்டில் 1949இல் தொடங்கினார்கள். காதும் படிக்க வேண்டும், பௌதிகமும் படிக்க வேண்டும்!

இசை வியாபாரத்துக்கே ஒரு பட்டம்! மயாமி பல்கலைக்கழகத்தில் 1966இலேயே வந்துவிட்டது.

பாஸ்டனின் புகழ்பெற்ற பேர்க்லி இசைக் கல்லூரி 1945இல் தொடங்கியது. பெயர் எங்கிருந்து வந்தது? நிறுவியவரின் மகன் பெயர் லீ பேர்க். முன்னும் பின்னும் மாற்றினார்கள், பேர்க்லி! அதே கல்லூரி 2014இல் ரஹ்மானுக்கு டொக்டர் பட்டம் கொடுத்தது.

அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் 1963இல் மிருதங்கம் படிப்பிக்கப் போனவர் டி. ரங்கநாதன். அவர் தம்பி டி. விஸ்வநாதன் புல்லாங்குழல். அக்கா பாலசரஸ்வதி நடனம். ஒரே குடும்பம், ஒரே கம்பஸ்!

அந்தக் கம்பஸில் படித்த ஜோன் ஹிகின்ஸ் என்ற வெள்ளைக்காரர் 1965இல் திருவையாற்று ஆராதனையில் பாடினார். ஜனங்கள் வைத்த பெயர் ஹிகின்ஸ் பாகவதர்!

அதே ஹிகின்ஸும் மிருதங்க வித்துவான் திருச்சி சங்கரனும் சேர்ந்து 1971இல் ரொறொன்ரோவின் யோர்க் பல்கலைக்கழகத்தில் இந்திய இசைப் படிப்பைத் தொடங்கினார்கள். எங்கள் ஆட்கள் கூட்டம் கூட்டமாக ரொறொன்ரோ போகும் முன்பே அங்கே மிருதங்கம் காத்திருந்தது!

*பாட்டுக்குப் பின்னால் பணம்*

இந்தியாவில் இசைத்தட்டுக்குப் பாடிப் புகழின் உச்சிக்குப் போன முதல் பெண் கௌஹர் ஜான். ஆண்டு 1902. பாட்டு முடிந்ததும் தன் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்வார். ஏன்? தட்டு அச்சடிப்பது ஜெர்மனியில். யார் பாடியது என்று அங்கே தெரிய வேண்டுமே!

பழைய இசைத்தட்டின் ஒரு பக்கம் சுமார் 3 நிமிடம். சினிமாப் பாட்டு ஏன் இவ்வளவு குட்டி என்று இப்போது புரிகிறதா?

1935இல் 'பக்த நந்தனார்' படத்துக்குக் கே.பி. சுந்தராம்பாள் வாங்கிய சம்பளம் 1 லட்சம் ரூபாய்! அவரும் எஸ்.ஜி. கிட்டப்பாவும் சேர்ந்து நடிக்கத் தொடங்கியது எந்த மண்ணில்? இலங்கையில்!

கொழும்பு வானொலி 1925 டிசம்பர் 16ஆம் திகதி தொடங்கியது. ஆசியாவின் மூத்த வானொலிகளில் ஒன்று. 1952இல் இந்தியாவில் சினிமாப் பாட்டுக்கு வானொலித் தடை விழுந்தது. இந்தியா முழுக்கத் திரும்பியது கொழும்பு வானொலியின் பக்கம்!

'சின்ன மாமியே' பாடிய நித்தி கனகரத்தினம் உரும்பிராய்க்காரர். சங்கீதக் கல்லூரியில் படித்தவரா? அம்பாறை ஹாடி தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவர். தமிழ்ப் பொப் பிறந்தது அப்படி!

ஏ.ஈ. மனோகரனின் 'சுராங்கனி' இலங்கையை ஆட்டியது. பிறகு தமிழ்நாட்டையும் ஆட்டியது!

எம்.ஐ.ஏ. என்ற மாதங்கி அருள்பிரகாசம் குழந்தைப் பருவத்தைக் கழித்தது யாழ்ப்பாணத்தில். பல்கலைக்கழகத்தில் படித்தது? திரைப்படக் கலை! முதல் இசைத்தொகுப்பின் பெயர் அப்பா பெயர், 'அருளர்', 2005. இரண்டாவது அம்மா பெயர், 'கலா', 2007.

அவருக்குப் பிரித்தானிய அரச விருது கிடைத்தது. அந்த விருதுப் பதக்கங்களுக்குக் கையால் நாடா தைத்துக்கொண்டிருந்தவர் யார்? அவர் அம்மா!

'மெனிகே மகே ஹிதே' பாடி 2021இல் உலகத்தை ஆடவைத்த யொஹானி படித்தது பொருள் வழங்கல் முகாமைத்துவம். 

குறுந்தட்டில் ஒரு செக்கனுக்கு ஒலி எத்தனை தடவை அளக்கப்படுகிறது? 44,100 தடவை!

எம்பி3ஐ உருவாக்கியவர்கள் சோதனைக்குத் திரும்பத் திரும்பக் கேட்ட பாட்டுகளில் ஒன்று சுசான் வேகாவுடையது. வாத்தியமே இல்லாத வாய்ப்பாட்டு!

2024இல் உலகம் முழுக்கப் பதிவு இசை ஈட்டிய வருமானம் 29.6 பில்லியன் டொலர். அதில் 69 வீதம் இணைய ஓட்டத்தில் இருந்து. காசு கட்டிக் கேட்பவர்கள் 752 மில்லியன் பேர்!

2023இல் இணைய இசைத் தளங்களுக்கு ஒரு நாளைக்கு ஏறிய பாட்டுகள் சராசரியாக 1 லட்சத்துக்கும் மேல். நீங்கள் தேநீர் குடித்து முடிப்பதற்குள் நூற்றுக்கணக்கில்!

ஸ்பொட்டிஃபை இலங்கைக்கு வந்தது 2021இல். ஒருவர் 30 செக்கன் கேட்டால்தான் ஒரு கணக்கு. பாட்டு ஒரு வருடத்தில் 1,000 தடவை கேட்கப்படாவிட்டால் பதிவுக்குச் சதமும் இல்லை!

ஒவ்வொரு பதிவுக்கும் 12 எழுத்தும் எண்ணும் கலந்த ஓர் அடையாளக் குறி உண்டு. பிள்ளைக்கு அடையாள அட்டை எடுக்க முன் பாட்டுக்கு எடுத்துவிடலாம்!

ஒரு பாட்டில் உரிமை ஒன்றல்ல. மெட்டும் வரியும் ஒரு சொத்து. பதிவு இன்னொரு சொத்து. இது தெரியாமல் கையெழுத்துப் போட்டால் இரண்டும் போச்சு!

இந்தியாவில் 2012இல் ஒரு சட்டத் திருத்தம் வந்தது. பாட்டு எழுதியவரும் மெட்டுப் போட்டவரும் தங்கள் உரிமைத்தொகைப் பங்கை ஒரேயடியாக எழுதிக்கொடுத்துவிட முடியாது! அதற்காக மாநிலங்களவையில் குரல் கொடுத்தவர் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர்.

பிறந்தநாளுக்கு எல்லாரும் பாடும் ஆங்கிலப் பாட்டுக்கு ஒரு நிறுவனம் பல காலம் காசு வாங்கியது. 2015இல் நீதிமன்றம் அந்த உரிமை செல்லாது என்றது. திருப்பிக் கொடுக்க ஒப்புக்கொண்ட தொகை 14 மில்லியன் டொலர்!

இதையெல்லாம் படிப்பதுதான் இன்றைய சங்கீதப் படிப்பு. ராகமும் வேண்டும், ஒப்பந்தம் வாசிக்கும் கண்ணும் வேண்டும். குரல் ஒரு கை என்றால் சட்டம் மறு கை!

"பாட்டுப் படிச்சுச் சோறு கிடைக்குமோ?" என்று கேட்கும் மாமாக்களுக்காக ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். பிடித்துக்கொள்ளுங்கள்.

இலங்கையின் 2003ஆம் ஆண்டுப் புலமைச் சொத்துச் சட்டம், 36ஆம் இலக்கம். படைத்தவர் உயிரோடு இருக்கும் காலம் முழுக்கப் பாட்டு அவர் சொத்து. அவர் போன பிறகும் 70 ஆண்டு குடும்பத்தின் சொத்து!

மானிப்பாயில் 17 வயதுப் பிள்ளை ஒன்று இன்றைக்கு இரவு ஒரு மெட்டுப் போடுகிறது. 80 வயது வரை வாழட்டும். 63ஐயும் 70ஐயும் கூட்டுங்கள்.

133 ஆண்டு! எந்தக் காணி, எந்தக் கடை, எந்த உத்தியோகம் இப்படிக் காப்பாற்றும்? சொல்லுங்கள் பார்ப்போம்!